வழக்கமும் வழக்கம் மீறலும்: கதையுலகில் மாயத்தின் அளவு

கற்பனை உலகொன்றைப் படைக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினாக்களுள் ஒன்று, அவ்வுலகில் மாயவித்தை எவ்வளவு இருக்கலாம் என்பதாகும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தபின், இவ்வினா உலகெங்கும் பேசப்படும் பொருளாயிற்று. ஒருவர் கதை நடத்துநராக அமர, ஏனையோர் வீரர், மந்திரவாதி, கள்வர் எனப் பாத்திரம் ஏற்று, பல முகம் கொண்ட பகடைகளை உருட்டி, வாய்மொழியாகவே ஒரு கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டம் அது. நம் நாட்டு நகரங்களிலும் இதனை ஆடும் இளைஞர் குழுக்கள் உள்ளன.

இவ்வாட்டத்தினர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். மாயம் அரிதாக இருந்தால்தான் வியப்பு நிலைக்கும் என்பது ஒரு கட்சி. கற்பனை உலகம் என்று வந்தபின் கஞ்சத்தனம் எதற்கு, தெருவுக்கொரு மந்திரவாதி இருக்கட்டுமே என்பது மறு கட்சி. இரு சாராரும் மாயத்தை எண்ணிப் பார்க்கின்றனர். ஒரு நாட்டில் மந்திரவாதிகள் பத்துப் பேரா, பதினாயிரம் பேரா என்று கணக்கிடுகின்றனர். எண்ணிக்கையைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பதே என் கருத்து. அரபும் தமிழும் இதனை நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளன. அவ்வாராய்ச்சியை விளையாட்டுக்காக மட்டும் நான் நினைவூட்டவில்லை. நம் பழைய இலக்கியங்களை இன்று நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோம் என்பதும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

ஒரு சொல்லின் பொருள்

அற்புதத்தைக் குறிக்க நம் அகீதா நூல்கள் ஆளும் சொல் ‘காரிகுல் ஆதா’ என்பது. ‘ஆதத்’ என்றால் வழக்கம். ‘கர்க்’ என்றால் கிழித்தல். வழக்கத்தைக் கிழித்துக்கொண்டு வருவது என்பது இதன் நேர்ப்பொருள். நபிமார்களிடம் நிகழ்வதை முஃஜிஸா என்றும், இறைநேசர்களிடம் நிகழ்வதைக் கராமத் என்றும் பெரியோர் பிரித்தனர். சூனியமாகிய சிஹ்ர் இவ்விரண்டினின்றும் வேறு என்று வரையறுத்தனர். இப்பாகுபாடு மதரஸாவில் ஓதிய எவரும் அறிந்ததே. ஆயினும் அச்சொல்லின் அமைப்பை இலக்கிய நோக்கில் பார்ப்பவர் சிலரே. கிழிப்பதற்குத் துணி வேண்டும். வழக்கம் என்று ஒன்று உறுதியாக நெய்யப்பட்டிராத உலகில் அற்புதம் என்று எதனைச் சொல்வது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில் இருபது வினாக்களை எடுத்து ஆராய்கின்றார்கள். பதினேழாவது வினாவில் பஞ்சும் நெருப்பும் வருகின்றன. நெருப்புப் பட்டால் பஞ்சு எரிகின்றது. எனினும் எரிப்பது நெருப்பின் கட்டாயம் அன்று, இறைவன் படைத்து நடத்திவரும் வழக்கமே என்பது அவர்கள் நிலைநாட்டும் கொள்கை. உடனே அவர்களே எதிர்வாதியின் தடையையும் எழுப்புகின்றார்கள். அப்படியாயின், வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் நாம் திரும்புவதற்குள் ஒரு விலங்காகவோ ஒரு சிறுவனாகவோ மாறியிருக்கலாம் என்று நாம் ஐயுற வேண்டாவா? எதுவும் எதுவாகவும் ஆகக்கூடிய உலகில் மனிதன் எதனை நம்பி வாழ்வான்? இதற்கு இமாமவர்கள் தரும் விடை நுட்பமானது. இவை இயலக்கூடியவை, ஆனால் நிகழ்வதில்லை என்னும் அறிவையும் இறைவனே நம்முள் படைத்திருக்கின்றான், வழக்கம் தொடர்ந்து நிலவுவதால் அவ்வறிவு நம்முள் வேரூன்றி நிற்கின்றது என்பது அவ்விடை. இப்னு ருஷ்து அவர்கள் பின்னர் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்து நூல் செய்தார்கள். காரணத்தை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பெருவழக்கில் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. இரு பேரறிஞரும் ஒன்றில் உடன்படுகின்றனர் என்பதே ஈண்டு வேண்டுவது: மனிதன் வாழ்வதற்கு நம்பத்தக்க ஒரு வழக்கம் வேண்டும்.

கதைக்கும் அதுவே சட்டம். புத்தகம் எந்நொடியும் குதிரையாகலாம் என்ற உலகில், புத்தகம் குதிரையானால் வாசகன் வியக்கமாட்டான். பூட்டிய கதவை எவரும் மந்திரத்தால் திறக்கலாம் என்றால் சிறை என்பது வெறும் சொல். இறந்தவரை எவரும் எழுப்பலாம் என்றால் மரணத்திற்கு அழுவார் இரார்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைக் கருதுக. ஃபிர்அவ்னின் நாட்டில் சூனியம் அரிதாக இருந்ததில்லை. அது கூலிக்குச் செய்யும் தொழிலாகவே இருந்தது. சூனியக்காரர் வென்றால் தமக்கு என்ன பரிசு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. அத்தனை பேர் கூடிய மன்றத்தில் கைத்தடி அவர்களின் புனைவுகளை விழுங்கியபோது, முதலில் உண்மையை உணர்ந்து தலைதாழ்த்தியவர் யார்? அத்தொழிலில் தேர்ந்த அவர்களே. தங்கள் வித்தையின் எல்லை எதுவென்று அவர்களுக்குத் தெரியும். எல்லைக்கு அப்பால் ஒன்று நிகழ்ந்ததை எல்லையை அறிந்தவரே கண்டுகொண்டனர். வித்தை மலிந்த இடத்திலும், அதற்கொரு கரை இருந்தமையால் அற்புதம் அற்புதமாகவே நின்றது.

கச்சிக்கு வந்த பாத்திரம்

நான் வாழும் காஞ்சிபுரம் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான ஊர். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடியது இவ்வூர்க் குமரகோட்டத்தில் என்பர். அப்புராணத்தில் மாயப்போர் மிகப் பெரிது. ஆயினும் சூரபன்மனின் ஆற்றலுக்கு 1008 அண்டம், 108 யுகம் என்று வரம் அளவிட்டே வழங்கப்படுகின்றது. அந்த அளவே அவன் கதைக்கு முடிவு ஒன்று உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றது. ஆயினும் நான் விரிவாகப் பேச விரும்புவது, இவ்வூரில் வந்து முடியும் மற்றொரு காவியத்தை. அது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை.

மணிமேகலையில் மாயம் குறைவு என்று எவரும் சொல்லார். தெய்வம் தூக்கிச் செல்கின்றது. பீடிகை முற்பிறப்பைக் காட்டுகின்றது. தூணிலுள்ள பாவை பேசுகின்றது. கதைத்தலைவிக்கோ மூன்று மந்திரங்கள் கிட்டுகின்றன: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழிச் செல்ல ஒன்று, பசியைப் பொறுக்க ஒன்று. மூன்று என்று எண்ணிக் கொடுத்த அந்தச் சிக்கனத்தைக் கவனிக்க வேண்டும். நான்காவது இல்லை. உதயகுமரனின் மனத்தை மாற்றும் மந்திரம் அவளிடம் இல்லை. ஆகவே அவள் வேற்றுருக் கொள்கிறாள். காயசண்டிகையின் வடிவை எடுக்கிறாள். அதன் விளைவு என்ன? காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணி, அவளிடம் வந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். தப்புவதற்காகக் கொண்ட மாயம் ஓர் உயிருக்கு முடிவாயிற்று. மாயத்தைக் கதையில் வைப்பவர் அதன் விலையையும் வைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் அரிது.

இனி அமுதசுரபியைப் பார்ப்போம். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்ற அளவில் அது எந்த நாட்டுக் கதையிலும் காணத்தக்கதே. ஆயினும் சாத்தனார் அதனைச் சுற்றி அமைத்த வேலியைக் காண்மின். கற்புடைய ஆதிரை அதில் முதற்பிச்சை இட்ட பின்னரே மணிமேகலையின் அறம் தொடங்குகின்றது. மனிதக் கையொன்று ஈந்ததையே பாத்திரம் பெருக்குகின்றது. அதற்கு முன் அப்பாத்திரம் ஆபுத்திரன் கையில் இருந்தது. மழை பொய்த்த பாண்டி நாட்டில் அவன் அதைக் கொண்டு எண்ணற்றோரின் பசி தீர்த்தான். இந்திரன் வந்து வரம் கேட்கச் சொன்னபோது, பசித்தோர் முகம் பார்த்து உணவிடும் இன்பம் உன் உலகில் உண்டா என்னும் கருத்தில் நகைத்தான். சினந்த இந்திரன் அவனை எவ்வாறு தோற்கடித்தான்? பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை. நாட்டில் மழையைப் பொழிவித்தான். விளைச்சல் பெருகிற்று, பசித்தவர் எவரும் வரவில்லை. பாத்திரம் முன்போலவே சுரக்கும் ஆற்றலோடு ஆபுத்திரன் கையில் வெறுமனே இருந்தது. பின்னர்ச் சாவக நாட்டில் பசி என்று கேள்வியுற்றுக் கப்பலேறி, ஆளில்லா மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, பலருக்கு ஊட்டிய பாத்திரத்தால் தன் ஓருயிரை மட்டும் வளர்ப்பது தகாதென்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்நீத்தான்.

மாயம் அரிதா, மலிவா என்று இங்குக் கேட்பது பொருந்துமா? பாத்திரத்தின் ஆற்றல் கதை முழுவதும் ஒன்றே. மாறுவது அதனைச் சூழ்ந்த உலகின் நிலை. பசியுள்ள இடத்தில் அது அற்புதம்; பசியற்ற இடத்தில் அது வெறும் ஓடு. வழக்கமான வாழ்வின் வறுமையும் வளமையும் மாயத்தின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

இறுதியில் மணிமேகலை வான்வழியே கச்சிமாநகர் வந்து சேர்கிறாள். இங்கே பஞ்சம். பாத்திரத்தை வைத்து எல்லா உயிரையும் அழைத்து ஊட்டுகிறாள். காவியம் அத்துடன் முடிந்திருக்கலாம், முடியவில்லை. அதன்பின் அறவண அடிகளிடம் அமர்ந்து அளவை இலக்கணமும் அறமும் கேட்கிறாள். அற்புதங்கள் நிரம்பிய காவியத்தின் கடைசிக் காதைகளில் அற்புதம் ஏதுமில்லை. ஏது, எடுத்துக்காட்டு, போலி என்று தருக்கமே நிறைந்து கிடக்கின்றது. சிலர் இதனைக் காவியச் சுவைக்குக் குறை என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அமுதசுரபி வயிற்றை நிரப்பும், ஐயத்தைத் தீர்க்காது. அறிவைப் பெற எவரும் ஆசிரியர் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். தம் மாயத்தால் எது முடியாது என்பதைச் சாத்தனார் தெளிவாக அறிந்திருந்தார்.

மான் கொடுத்த வாக்கு

நம் சீறாப்புராணத்திலும் இதே திறத்தைக் காணலாம். உமறுப்புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்களாக அமைத்த அப்பெருங்காப்பியத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மானுக்குப் பிணை நின்ற படலம் பலரும் அறிந்த பகுதி. வேடனிடம் அகப்பட்ட பெண்மான் பேசுகின்றது. தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கின்றார்கள்.

இதில் அற்புதம் மான் பேசியது. அது படலத்தின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது. அதன்பின் வாசகன் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவது யாது? கட்டவிழ்த்து விடப்பட்ட மான் திரும்பி வருமா என்பதே. கானகத்தில் அதனைத் தடுப்பார் இல்லை. இழுத்து வரும் மந்திரமும் இல்லை. வருவதும் வராமையும் அதன் வாக்கில் மட்டுமே தங்கியிருக்கின்றன. அது வருகின்றது, வேடனின் உள்ளம் மாறுகின்றது. மான் பேசியதைக் கேட்ட பொழுதில் மாறாத வேடன், அது சொல் தவறாமல் வந்து நின்ற பொழுதில் மாறுகின்றான். புலவர் அற்புதத்தை வாயிலில் நிறுத்தி, வாய்மையை வீட்டினுள் குடியேற்றினார்.

மானைப் பேச வைத்த ஆற்றல் மானைத் திரும்ப இழுத்து வந்திருக்கவும் கூடும் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். அகீதாவின்படி அது சரியே. இறைவனின் ஆற்றலுக்கு எல்லையில்லை. ஆனால் ஆற்றலின் எல்லை வேறு. கதையில் அவ்வாற்றல் வெளிப்படும் இடம் வேறு. அற்புதம் நிகழ்ந்ததா என்பது நம்பிக்கையின் வினா; புலவர் அதனை எங்கே அமைத்தார் என்பது இலக்கியத்தின் வினா. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம்மிடையே விமரிசனம் வளராது போயிற்று.

மாயம் மலிந்த உலகங்கள்

இதுகாறும் சொன்னதைக் கொண்டு நான் அருமைக் கட்சியைச் சேர்ந்தவன் என்று முடிவு கட்டிவிட வேண்டா. மாயம் மலிந்த மாபெரும் கதைகள் உள்ளன. உருதுவில் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ அத்தகையது. அமீர் ஹம்ஸா கதையின் கிளையாக, லக்னோ நவல் கிஷோர் அச்சகத்தார் 1883 முதல் பல தொகுதிகளாக அதனை வெளியிட்டனர். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் சூனியக்காரர். அவர்களின் அரசன் அஃப்ராசியாபின் கையில், மறைந்ததை அறிவிக்கும் நூலே இருக்கின்றது. அப்படியிருந்தும் அவன் மீண்டும் மீண்டும் ஏமாறுகின்றான். ஏமாற்றுவோர் அய்யார்கள் எனப்படும் தந்திரக்காரர். அவர்களின் தலைவன் அமருக்கு எதையும் அடக்கும் பையொன்றும், உருமறைக்கும் போர்வையொன்றும் உண்டு என்பது மெய்யே. எனினும் அவன் பெரிதும் வெல்வது வேடத்தாலும் பேச்சாலும் எதிரியின் ஆசையை அறிந்து வலைவிரிக்கும் கூர்மையாலும் ஆகும். அத்தனை மாயத்தின் நடுவே மனித அறிவுக்கு வேலை இருப்பதால் அக்கதை சலிப்பதில்லை.

‘அல்ஃப் லைலா’வின் மீனவனையும் நினைவுகூரலாம். குடத்திலிருந்து வெளிவந்து கொல்லப் போவதாக மிரட்டும் ஜின்னை அவன் எதைக் கொண்டு வென்றான்? இவ்வளவு பெரிய உடல் இச்சிறு குடத்தில் எப்படி அடங்கிற்று, நான் நம்பேன் என்ற ஒரு சொல்லால் வென்றான். அலாவுதீன் கதையிலும் மோதிரத்தின் ஜின், விளக்கின் ஜின் செய்ததைத் தன்னால் மாற்ற இயலாதென்று ஒப்புக்கொள்கின்றது. அலாவுதீனை அரண்மனை உள்ள இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதோடு தன் பணியை நிறுத்திக்கொள்கின்றது. எஞ்சியதை அவனும் இளவரசியும் தங்கள் அறிவால் முடிக்கின்றனர்.

அந்த அமெரிக்க விளையாட்டை வளர்த்தோரும் காலப்போக்கில் இந்நெறியைக் கண்டுகொண்டனர். தொடக்கத்திலேயே, மந்திரவாதி மனப்பாடம் செய்த மந்திரம் ஒருமுறை ஓதியதும் நினைவிலிருந்து அகன்றுவிடும் என்று விதித்தனர். ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்த விதி அது. 1991இல் வந்த ‘டார்க் சன்’ என்னும் உலகில், மந்திரம் தாவரங்களின் உயிரை உறிஞ்சி மண்ணைச் சாம்பலாக்கும் என்று விலை வைத்தனர். அவ்வுலகம் பாலைவனமாகக் கிடப்பதற்கு மந்திரவாதிகளே காரணர். 2004இல் கீத் பேக்கர் என்பார் படைத்த ‘ஈபெரான்’ இதற்கு மறுதலை. அங்கே சிறு மந்திரங்கள் நம் மின்சாரம்போல் ஊரெங்கும் பரவியுள்ளன. தெருவிளக்கும் தொடர்வண்டியும் அவற்றால் இயங்குகின்றன. ஆனால் பெருமந்திரம் வல்லார் மிக அரியர். ஒன்றில் மாயம் அரிது, மற்றொன்றில் மலிவு. இரண்டும் நிற்கின்றன. மாயம் இருப்பதால் மக்களின் தொழிலும் உணவும் பயமும் எவ்வாறு மாறும் என்று இரண்டிலும் எண்ணிப் பார்த்திருப்பதே காரணம்.

இவ்வூர்த் தறியில் இதற்கொரு விளக்கம் உண்டு. காஞ்சிப் பட்டில் சரிகை கரையிலும் முந்தியிலும் மின்னுகின்றது. உடல் பட்டாக இருப்பதால்தான் கரை கரையாகத் தெரிகின்றது. இது அருமைக் கட்சியின் வாதம். ஆயினும் உடல் முழுவதும் சரிகையை ஊடையாக ஓட்டி நெய்யும் புடவையும் இங்கு உண்டு. அதையும் விரும்பி வாங்குகின்றனர். அப்புடவையிலும் பாவு பட்டு நூலே. அந்தச் சரிகைக்குள்ளும் நடுவே ஓடி வெள்ளி இழையைத் தாங்குவது ஒரு பட்டு நூலே. பாவே இல்லாமல் சரிகையை மட்டும் வைத்து நெய்கிறேன் என்று எந்த நெசவாளரும் தறியில் உட்காரமாட்டார்.

நம் ஏடுகளில் காணும் குறை

இந்த அளவுகோலை வெளியே மட்டும் நீட்டிவிட்டு நம் வீட்டைப் பாராதிருத்தல் நேர்மையாகாது. இறைநேசச் செல்வர்களின் வரலாறு என்ற பெயரில் வரும் சில சிறு நூல்களில் பக்கத்துக்கொரு கராமத் அடுக்கப்படுகின்றது. முதற்பக்கத்தில் வியக்கும் வாசகன் பத்தாம் பக்கத்தில் பழகிவிடுகின்றான். இருபதாம் பக்கத்தில் அவ்வலியின் முகமே அவனுக்குத் தெரிவதில்லை. அவர் எதற்கு அஞ்சினார், எதைத் துறந்தார், யாருக்கு இரங்கினார் என்பன அற்புதக் குவியலின் கீழே புதைந்துபோகின்றன. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் மறவாதிருக்கும் நிகழ்ச்சி எது? அன்னை சட்டையில் தைத்துக் கொடுத்த நாற்பது பொற்காசுகளைக் கொள்ளையரிடம் மறைக்காமல் சொன்ன நிகழ்ச்சி அன்றோ? அதில் வழக்கம் மீறிய செயல் ஒன்றுமில்லை. உண்மை சொன்ன ஒரு சிறுவரும், வெட்கித் திருந்திய கள்வர்களுமே இருக்கின்றனர்.

மறுபுறம், சீர்திருத்தம் என்றும் பகுத்தறிவு என்றும் கூறி, அற்புதம் வரும் இடமெல்லாம் பழைய இலக்கியத்தைத் தள்ளிவிடுவோரும் உளர். சீறாவையும் படைப்போர்களையும் கிஸ்ஸாக்களையும் அற்புதத்தின் எண்ணிக்கையை வைத்தே இவர்கள் எடைபோடுகின்றனர். அடுக்குவோரும் தள்ளுவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவரும் எண்ணுகின்றனரேயன்றிப் படிப்பதில்லை. இதனால் இழப்பு நமக்கே. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக நம் புலவர்கள் தமிழில் வளர்த்த கதைச்செல்வம், ஒரு சாராரிடம் பூசைப் பொருளாகவும் மறு சாராரிடம் குப்பையாகவும் கிடக்கின்றது. அதனை இலக்கியமாக எடுத்துப் படிப்பவர் அருகி வருகின்றனர்.

ஆகவே, பழங்கதையைத் திறனாய்வோரும் புதிய உலகம் படைப்போரும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். இம்மாயத்தால் இயலாதது எது? இதற்கு விலை கொடுப்பவர் யார்? இது கைவரப்பெறாத எளிய மனிதன் இக்கதையில் எங்கே நிற்கின்றான்? இம்மூன்றுக்கும் விடை உள்ள கதையில் மாயம் ஒரு துளியாயினும் கடலாயினும் குற்றமில்லை. விடை இல்லாத கதையில் ஒரே ஒரு மந்திரம் வந்தாலும் அது மிகையே.

தமிழில் இத்தகைய ஆட்டங்களையும் கதையுலகங்களையும் ஆக்க முனையும் இளைஞர்க்குச் சொல்லத்தக்கது இதுவே. உங்கள் மந்திரவாதிக்குப் பெயர் சூட்டுமுன், அவன் ஊரில் அரிசி என்ன விலை என்பதை முடிவு செய்யுங்கள். அடுத்த ஊருக்கு நடந்து சென்றால் எத்தனை நாள் ஆகும், ஒரு புடவை தறியிலிருந்து இறங்க எத்தனை நாள் ஆகும், மழை பொய்த்தால் முதலில் பசிப்பவர் யார் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே இரவில் ஆயிரம் புடவை நெய்யும் ஜின்னை அதன்பின் அவ்வூருக்குள் விடுங்கள். மறுநாட் காலையில் அத்தெரு நெசவாளர் என்ன செய்வார் என்ற இடத்தில் உங்கள் கதை தொடங்கும்.